மாலைக்கோயிலும் மூவலூர் அம்மையாரும்

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பாதையில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கின்றது. கரிசல் காட்டு ஊர். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் உண்டு. பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. வருஷா வருஷம் வானத்தைப் பார்த்துத் தோற்றுக் கொண்டிருக்கும் சீமையிலே இப்படி ஒரு பெயர்! இந்தப் பெயருக்குப் பெரியோர்கள் எத்தனையோ கதைகள் சொல்லலாம். வென்றவன் ராஜாவோ, பாளையக்காரனோ, சாமியோ, யாராயிருந்தாலும் அவன் ஓர் ஆண் என்பது மட்டும் பெயரிலேயே நன்றாய்த் தெரிகின்றது. 'எப்போதும் வென்றாள்' என்று ஓர் ஊர் தமிழ்நாட்டில் எங்கேனும் உண்டா என்று வாசகர்களைக் கேட்கின்றோம். நமக்குத் தெரிந்த மட்டில் இல்லை.

அப்படியானால் இந்தச் சீமையில் பெண்களுக்குக் கௌரவமே இல்லையோ என்றால், தாராளமாய் இருக்கின்றது. ஆனால் அதற்கு அவர்கள் முதலில் செத்தாக வேண்டும். மதுரை முதல் தெற்கே கரிசல் காட்டு ஊர்கள் வரையில் 'மாலைக்கோயில்' என்று சிறு கோயில்களும் கல்லுகளும் உண்டு. 'தீப்பாய்ந்த அம்மன்' என்றும் உண்டு. புருஷன் செத்தவுடன் அவன் சிதையிலே மாலையும் கழுத்துமாய் இறங்கி வெந்து போனவளுக்கு எடுத்த கோயில்கள் இவை. கலியாணமாகாமல் செத்த பெண்ணோ, வீட்டுக்கு வீடு கும்பிடும் 'கன்னி' ஆகிவிடுகின்றாள். சுமங்கலியாய்ச் செத்தவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படையல் போடுகின்றார்கள்.

இந்தப் பெண் தெய்வங்களின் கணக்கை ஒருவர் எடுத்துப் பார்க்கட்டும். எரிந்தவள், விழுந்தவள், கொல்லப்பட்டவள், வாழாமல் போனவள் ஆகியவர்களே பெரும்பாலும் இருப்பார்கள். எண்பது வயது வரையில் இருந்து, தன் மனம் சரியென்று சொன்னபடி நடந்து, பத்துப் பேருக்குக் கஞ்சி ஊற்றி, நாலு பேருக்குத் தைரியம் சொல்லி, ஊர்ப் பெரிய மனிதனை முகத்துக்கு முகம் கேள்வி கேட்டு, கடைசியில் கட்டிலில் படுத்துச் செத்த ஒரு கிழவிக்கு எங்கேயாவது கோயில் உண்டா? கோயில் வேண்டாம், ஒரு கல்லாவது உண்டா? நாம் பெண்ணைக் கும்பிடுவது அவள் செத்த விதத்துக்காகவேயன்றி வாழ்ந்த விதத்துக்காக அல்ல என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

தீயில் தள்ளப்பட்ட அந்தப் பெண்களை நாம் இகழ்வதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. அவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். உடன்கட்டை ஏற்றுவதை 1829-ஆம் வருஷம் பெண்டிங் பிரபு வங்காளத்தில் சட்டம் போட்டுத் தடுத்தார். மறு வருஷம் சென்னை மாகாணத்திலும் அச்சட்டம் வந்தது. எரிப்பதைச் சட்டம் நிறுத்தியது. எரிந்ததைப் பெருமையாக நினைக்கும் புத்தியை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை. ஆகையால்தான் வாழ்ந்து காட்டிய ஒரு கிழவியின் கதையை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம். அவர்தான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்.

"கரிசல் காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டு மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள மூவலூருக்கு ஏன் ஓடுகின்றீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கின்றது. 1989-ஆம் வருஷம் தமிழ்நாடு அரசாங்கம் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு உதவிப் பணம் கொடுக்க ஒரு திட்டம் ஏற்படுத்தி, அதற்கு இந்த அம்மையாரின் பெயரை வைத்தது. அன்று முதல் கோயில்பட்டியிலும், விளாத்திகுளத்திலும், ஓட்டப்பிடாரத்திலும் எத்தனையோ தகப்பன்மார்கள் அந்தப் பெயரைப் போட்டு மனுக் கொடுத்திருக்கின்றார்கள். பணமும் வாங்கியிருக்கின்றார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனுஷி யார், அவர் என்ன செய்தார் என்று அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பெயரை வைத்துவிட்டு ஆளை மறந்து விடுவதும் கல்லை நட்டுக் கும்பிடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ராமாமிர்தம் அம்மையார் 1883-ஆம் வருஷம் பிறந்தவர். குடும்பத்தின் வறுமையினால், விவரம் அறியாத வயதிலேயே தாசித் தொழிலுக்கென்று வேறொரு வீட்டில் வளர்க்கக் கொடுக்கப்பட்டவர். பத்து ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் கொடுக்கப்பட்டார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகின்றார்கள். ஒரு கறவை மாட்டைக்கூட யாரும் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

பொட்டுக் கட்டுவது என்றால் என்ன என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்ல காலம்தான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கின்றது. கோயிலில் இருக்கும் சாமிக்கு ஒரு சிறு பெண்ணை மனைவி என்று சொல்லித் தாலி கட்டிவிடுவார்கள். சாமி சாகாது, ஆகையால் அவள் 'நித்திய சுமங்கலி'. சாமி சோறு போடாது; ஆகையால் ஊரில் உள்ள பணக்காரனுக்கு அவள் உடைமை. கோயில் மானிய நிலத்தில் கொஞ்சம் அவளுக்கு உண்டு. தொழிலை விட்டால் நிலமும் போய்விடும். வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருத்திக்குப் புருஷன் செத்துவிட்டால் அவள் வாழக் கூடாது என்றார்கள். மற்றொருத்திக்குப் புருஷன் சாகவே மாட்டான் என்றார்கள். முன்னவளைச் சிதையில் ஏற்றினார்கள். பின்னவளைச் சந்தையில் ஏற்றினார்கள். இரண்டுக்கும் சாட்சி சாமிதான், இரண்டுக்கும் மந்திரம் சொல்லக் கூலி வாங்கியவர்களும் உண்டு.

இந்தக் கூண்டிலே பாட்டும் ஆட்டமும் கற்பிக்கப்பட்டு வளர்ந்த பெண், பொட்டுக் கட்டிக் கொள்ள மாட்டேன் என்று மறுத்துவிட்டார். தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையைத் தாமே தேர்ந்து மணந்து கொண்டார். இன்றைக்கு இதைச் சுலபமாய் எழுதிவிடலாம். நூறு வருஷங்களுக்கு முன்னால், சோறு போட்ட வீட்டையும், ஜாதியையும், கோயிலையும், ஊர்ப் பணக்காரரையும் ஒரே நாளில் பகைத்துக் கொள்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

நிற்க. தப்பித்தவர்கள் உலகத்தில் பலர் உண்டு. தப்பித்தவர்கள் சாதாரணமாய் என்ன செய்வார்கள்? வந்த வழியை மறைப்பார்கள். வேறு ஊரில் வேறு பெயரில் கௌரவமாய் இருந்துவிடுவார்கள். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் இந்த அம்மையார் திரும்பி வந்து கூண்டின் கதவைத் தட்டினார். ஊர் ஊராய்ப் போய்த் தாசி வீடுகளின் வாசலில் நின்று, "உன் மகளுக்குப் பொட்டுக் கட்டாதே, கலியாணம் செய்து வை" என்று சொன்னார். அங்கே அவருக்குப் பூமாலை போட்டு வரவேற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிழைப்பைக் கெடுக்க வந்தவள் என்று உள்ளே இருந்தவர்கள் வைதார்கள். மதத்தைக் கெடுக்க வந்தவள் என்று வெளியே இருந்தவர்கள் வைதார்கள்.

தாராளம் என்று நாம் எதைச் சொல்லுகின்றோம்? பணம் உள்ளவன் பணம் கொடுப்பது தாராளந்தான்; ஆனால் கொடுத்த பின்பும் அவனிடம் மீதிப் பணம் இருக்கும். அம்மையாரிடம் சொத்து இல்லை. அவர் கொடுத்தது, உலகம் எதை மானம் என்றும் அவமானம் என்றும் சொல்லுகின்றதோ அதை. தாம் எந்த இடத்திலிருந்து வந்தார் என்பதை மறைக்காமல், மேடையேறிச் சொல்லி, அதைக் கேட்கும் பெண்ணுக்கு வழியாக்கிக் கொடுத்தார். இதைவிடப் பெரிய கொடை ஒன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

முதலில் அவர் காங்கிரசில் இருந்தார். கதர் கட்டினார். 1925-ஆம் வருஷம் காஞ்சீபுரம் மகாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் தள்ளப்பட்டு ஈ.வெ.ராமசாமி வெளியேறியபின், அவரைப் பின்பற்றிச் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய காலம் அது. 1929-இல், தாசிகள் கோயில் ஊழியத்தை விட்டாலும் மானிய நிலம் அவர்களுக்கே இருக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. வழக்கத்தையே ஒழிக்க 1930-இல் கொண்டுவந்த மசோதாவோ நிறைவேறவில்லை. உள்ளே டாக்டர் பேசிய விஷயத்தை வெளியே தெருவில் பேசியவர் ராமாமிர்தம் அம்மையார். சட்டசபைக்குள் இருப்பவர்களுக்குப் புள்ளி விவரம் தெரியும். இவருக்கோ உள்வீடு தெரியும்.

1936-ஆம் வருஷம் அவர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். பள்ளிக்கூடத்தில் ஆண்களே அருமையாய்ப் படித்த காலத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நாவல் எழுதினார் என்பதே ஓர் ஆச்சரியம். அந்தப் பெயரைப் பார்த்தால் குற்றம் முழுவதும் பெண்கள் தலையில் விழுவதுபோல் தோன்றுவது வாஸ்தவம். வலையில் அகப்பட்டவர் மைனர் என்றால், வலைக்கு நூல் கொடுத்தவர் யார், மானியம் கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டியதே. ஆனால் அந்தக் கேள்வியை நாம் இன்று கேட்க முடிகின்றதென்றால், உள்விவகாரத்தை அவர் அன்று பகிரங்கமாக எழுதிப் போட்டதனாலேதான்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாய்ச் சொல்லிவிட வேண்டும். தாசித் தொழில் ஒழிந்தபோது அந்தப் பெண்களின் ஆட்டமும் பாட்டும் அவர்கள் கையைவிட்டுப் போய், மேல்ஜாதிக் குழந்தைகளின் அரங்கேற்றத்துக்கு உதவலாயின என்று இன்று சிலர் எழுதுகின்றார்கள். இதில் உண்மை இருக்கின்றது. அவர் நாவல் வந்த அதே 1936-ஆம் வருஷந்தான் சென்னையில் கலாக்ஷேத்திரமும் தோன்றியது. நேற்றுவரை தாசி ஆடினால் இழிவு என்றவர்கள், தங்கள் மகள் ஆடியவுடன் அது தெய்வீகக் கலை என்றார்கள். ஆனால் இது கூண்டைத் திறந்தவரின் குற்றமா, கூண்டிலிருந்த பொருளைத் தூக்கிக் கொண்டு போனவர்களின் குற்றமா என்று கேட்கின்றோம்.

இனி 1938-ஆம் வருஷத்துக்கு வருவோம். ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை 125 பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து ஆகஸ்டு 1-ஆம் தேதி திருச்சியிலிருந்து ஒரு தமிழர் படை சென்னைக்குக் கால்நடையாய்ப் புறப்பட்டது. சுமார் நூறு பேர், எல்லோரும் ஆண்கள். அவர்களை நடத்திச் சென்ற தலைவர்களுக்குள் ஒருவராய் நம் அம்மையாரும் இருந்தார். வயது 55. வழியிலே ஊர் ஊராய்ப் பொதுக்கூட்டம். செப்டம்பர் 11-ஆம் தேதி சென்னை போய்ச் சேரும் வரையில் 42 நாள். வெயிலில் பருத்திக் காட்டுக்கு நடந்து போய், குனிந்த முதுகு நிமிராமல் பருத்தி எடுத்து, மடியில் கட்டிக் கொண்டு திரும்பும் எப்போதும்வென்றான் பெண்களுக்கு நடை புதிதல்ல. ஆனால் அவர்கள் நடப்பது கூலிக்கு, வீட்டுக்கு, தண்ணீர்க் குடத்துக்கு. 55 வயதில் ஒரு பெண் தான் கொண்ட கொள்கைக்காக, தன்னைவிட இளையவர்களுக்கு முன்னால் திருச்சியிலிருந்து சென்னை வரையில் நடந்தாள் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கின்றார்களா?

அவ்வருஷம் நவம்பரில் சென்னையில் பெண்கள் மகாநாடு கூடிற்று. ஈ.வெ.ராமசாமிக்குப் 'பெரியார்' என்ற பெயரைக் கொடுத்தது அந்தப் பெண்கள் மகாநாடுதான். அதையொட்டிப் பெண்கள் மறியல் செய்தார்கள். டாக்டர் தருமாம்பாள் அம்மையார் முதலியவர்களோடு ராமாமிர்தம் அம்மையாரும் ஆறு வாரம் சிறையில் இருந்தார். பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில் ஜெயிலுக்குப் போவதா என்று வைதிகர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பேரன் பேத்திகளுக்காகப் போவதென்றால் அந்த வயதில்தானே போக வேண்டும்? கட்டாய இந்தி 1940-ஆம் வருஷம் பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. பொட்டுக் கட்டப்பட்ட பெண் கலியாணம் செய்து கொண்டால் அது செல்லும் என்றும் அச்சட்டம் சொல்லியது. பெண்ணாய்ப் பிறந்து தாம் இளமையில் தனியாய்ச் செய்த காரியத்தை, அறுபத்து நாலாம் வயதில் அரசாங்கமே சட்டமாக்கியதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

அம்மையார் யாருக்கும் அடங்கியவர் அல்லர் என்பதற்கு இன்னும் ஓர் உதாரணம் சொல்லாவிட்டால் நாம் உண்மையை மறைத்தவர்களாவோம். 1949-ஆம் வருஷம் பெரியாரின் கலியாண விஷயத்தில் இயக்கத்துக்குள் பிளவு உண்டாயிற்று. இருபது வருஷத்துக்கு மேலாகத் தலைவர் என்று மதித்தவரிடத்திலும் கருத்து வேறுபட்டு, அம்மையார் வெளியேறி அண்ணாதுரை ஆரம்பித்த திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தார். அவர் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. சாமியையே கேள்வி கேட்கக் கற்றுக் கொண்ட பெண், தலைவரை மட்டும் கேள்வி கேட்காமல் இருப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல என்று மாத்திரம் சொல்லுகின்றோம். சுயமரியாதை என்பது பிறர் சொன்னதை ஒப்புவிப்பதல்லவே! 1962-ஆம் வருஷம் ஜூன் 27-ஆம் தேதி, எழுபத்தொன்பது வயதை எட்டும் சமயத்தில் அம்மையார் காலமானார்.

இனி அவரை எப்படி நினைப்பது? பிறந்த நாளைக்கு ஒரு படம், ஒரு மாலை, நாலு பேர் பேச்சு என்றால் அது நாமும் ஒரு மாலைக்கோயில் கட்டியதாகவே முடியும். நல்ல காலமாக, 2022-ஆம் வருஷம் ஒரு மாறுதல் ஏற்பட்டது. கலியாணத்துக்குக் கொடுத்து வந்த உதவியை மாற்றி, அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையில் படித்த பெண்கள் மேலே காலேஜில் படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் கொடுப்பது என்று ஏற்பட்டது. அம்மையாரின் பெயர் தாங்கிய அந்தத் திட்டத்துக்குப் 'புதுமைப் பெண்' என்றும் பெயரிட்டார்கள். 'புதுமைப் பெண்' என்பது எப்போதும்வென்றானுக்குப் பக்கத்தில் உள்ள எட்டயபுரத்துப் பாரதியின் பாட்டுக்குப் பெயர். பாரதி 1882-இல் பிறந்தவர். அம்மையார் 1883-இல் பிறந்தவர். அவர் பாடினார், இவர் அப்படியே இருந்து காட்டினார். பாடியவருக்கு எட்டயபுரத்தில் 1947-ஆம் வருஷமே மணிமண்டபம் திறந்தாயிற்று. இருந்து காட்டியவருக்கு மண்டபம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. காலேஜுக்குப் பஸ் ஏறும் ஒவ்வொரு பெண்ணும் அவருக்கு மண்டபந்தான்.

ஆனால் கலியாணப் பணம் படிப்புப் பணமாக மாறியதில் முணுமுணுப்பவர்களும் உண்டு. "பெண்ணைக் கரையேற்றுவதற்கு உதவிய பணம் போய்விட்டதே" என்கின்றார்கள். பெண் என்ன கிணற்றிலா விழுந்து கிடக்கின்றாள், கரையேற்றுவதற்கு? கோயில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்தில் எத்தனை சிறு பெண்கள் புத்தகத்தைப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஒட்டிய பணத்தில் அண்ணன் தம்பிகளைப் படிக்க வைத்தார்கள் என்பது இந்தச் சீமைக்குத் தெரியாததா? அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் வழிகளில் இது ஒன்று என்றே நாம் கொள்ளுகின்றோம்.

சொத்து விஷயத்தையும் பார்ப்போம். 1929-ஆம் வருஷம் செங்கல்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தார்கள். 1989-இல் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பெண் மக்களுக்குப் பிதுரார்ஜிதத்தில் சமபங்கு என்று சட்டமாயிற்று. 2005-இல் இந்தியா முழுவதற்கும் வந்தது. சட்டம் வந்தவுடன் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அக்காள் தங்கைகளை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போய், பாத்தியதையை விட்டுக் கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காகிதத்துக்குப் பெயர் 'விடுதலைப் பத்திரம்'! யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று கேட்கின்றோம். உயிரோடிருக்கும் தங்கைக்குக் கரிசலில் ஒரு குறுக்கம் கொடுக்க மனமில்லாதவன், செத்துப்போன அத்தைக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவதில் என்ன பிரயோசனம்?

ஆகவே வாசகர்களுக்கு, முக்கியமாகக் கரிசல் காட்டுத் தோழர்களுக்கு, நாம் சொல்லிக் கொள்ளுவது இவ்வளவே. வீட்டுப் பெண் படிப்பேன் என்றால் மறிக்க வேண்டாம். தனக்குப் பிடித்தவனைச் சொன்னால் அரிவாளைத் தேட வேண்டாம்; அரிவாளைத் தேடினால் இன்னொரு கன்னித் தெய்வந்தான் கிடைக்கும். பங்கைக் கேட்டால் பங்கைக் கொடுங்கள். இன்னொரு காரியமும் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கிழவி இருப்பாள். ஆச்சி என்பீர்களோ, அப்பத்தா என்பீர்களோ, அவ்வா என்பீர்களோ, எப்படியோ அழையுங்கள். அவள் ஒரு காலத்தில் யாரையோ எதிர்த்து நின்றிருப்பாள். யாருக்கோ ஒளித்து வைத்துச் சோறு போட்டிருப்பாள். அறுத்துக் கட்டிக் கொண்ட ஒருத்திக்குத் துணை போயிருப்பாள். அவள் உயிரோடிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேத்தி அதைப் படிக்கட்டும்.

அவள் செத்தபிறகு கல் நட வேண்டிய அவசியம் இராது. மூவலூர் அம்மையாருக்குக் கல்லில்லை என்று நாம் வருத்தப்படவும் வேண்டியதில்லை. பொட்டுக்கென்று வளர்த்த பெண் எழுபத்தெட்டு வருஷம் தலை நிமிர்ந்து வாழ்ந்தாள் என்பதே போதும். எப்போதும் வென்றவள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அவரைச் சொல்லுவோம்.